சரிவில் வெட்டிய குளம்

1

அது நடந்து இந்தக் கார்த்திகையோடு ஒரு வருடமாகிறது. எழுதி வைக்கச் சொன்னது என் மனைவி புஷ்பா. "மனசுக்குள்ளேயே வச்சுக்கிட்டுத் தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க, எழுதித் தொலைங்க" என்றாள்.

மகள் அபி ஒருநாள் சொன்ன ஒரே ஒரு வரியில்தான் எல்லாம் தொடங்கியது. "அப்பா, நான் தோட்டத்துக்கு வேலைக்குப் போறேன்."

நான் பிறந்த பதுளை மலைப்பக்கத்தில் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம். வேறு அர்த்தம் கிடையாது. என் தாத்தாவின் அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்து சேர்ந்த இடம் அது. கொழுந்துக் கூடையிலிருந்து குடும்பத்தை வெளியே எடுக்க மூன்று தலைமுறை பிடித்தது. இங்கிலாந்தில், லெஸ்டரில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த பிள்ளை, தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அவள் சொன்னது காய்கறி போடுகிற மரக்கறித் தோட்டம். பதுளை டவுனில் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு டியூஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் அலைகிற பிள்ளைகளுக்கு மண்வேலை சொல்லிக்கொடுக்கிற இடம். சம்பளம் வாங்காமல் நான்கைந்து பேர் சேர்ந்து நடத்துகிறார்களாம். ஆறு மாதம் போய் உதவப் போகிறாளாம்.

புஷ்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏங்க இப்படிப் பதறுறீங்க? போஞ்சி நடப் போறா" என்றாள். பிறகு, "எந்த இடம்மா?" என்று கேட்டாள்.

"ஹாலிஎலவுக்கு மேல. அப்பா பொறந்த எஸ்டேட்தான். பழைய தேயிலையைப் பிடுங்கின துண்டு ஒண்ணு குடுத்திருக்காங்க."

புஷ்பா என் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

பல வருடங்களாக அபி எனக்குத் தமிழில் பதில் சொன்னதில்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். கதவைச் சாத்திக்கொள்வாள். அங்கே போவதற்காகத்தான் மறுபடி தமிழ் பேசத் தொடங்கியிருந்தாள். பிள்ளை நம்மை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து வருத்தப்பட்டிருக்கிறேன். விலகிப்போகிற பிள்ளை இன்னொரு பெரிய நகரத்துக்குப் போகும் என்றுதான் எண்ணியிருந்தேன். இவள் நான் தப்பித்து வந்த மலைக்கே போய் நின்றாள்.

ஏன் தப்பித்து வந்தேன் என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை. "அங்க மழை ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

2

நான் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். காலை ஆறு மணிக்குத் தலைக்கு வலைத்தொப்பி போட்டு உள்ளே போனால் இரண்டு மணிக்குத்தான் வெளியே வருவேன். போனை லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். ஒன்பதே கால் மணிக்குப் பதினைந்து நிமிடம் இடைவேளை. அப்போது பதுளையில் பிற்பகல் இரண்டே முக்கால்.

பதுளை இருக்கிற ஊவாப் பக்கத்தில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். ஆகவே அந்தப் பதினைந்து நிமிடம் எனக்கு ஒரு நேர்த்திக்கடன் மாதிரி ஆகிவிட்டது. லாக்கரைத் திறப்பேன், முதலில் பதுளை வானிலையைப் பார்ப்பேன், பிறகு அபியைக் கூப்பிடுவேன். லெஸ்டரில் அன்று மழையா வெயிலா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது.

ஒருநாள் வீடியோவில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினாள். போஞ்சி கொடியேறியிருந்தது. லீக்ஸ், கறிமிளகாய், ஒரு வரிசை கோவா. டவுன் பிள்ளைகள் சேறு பூசிய கையோடு போனுக்குக் கும்பிடு போட்டார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்து மேலே ஏறினாள்.

"இதப் பாருங்கப்பா. பிள்ளைங்களே வெட்டின குளம். ஏழு வாரம்."

சரிவின் உச்சியில் ஒரு குளம். பழுப்புத் தண்ணீர் விளிம்புவரை நின்றது.

"அடியில என்ன போட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் போடல. வெறும் மண்ணு. இயற்கையா இருக்கட்டும்னு."

வெறும் மண் என்றால் தண்ணீர் மலைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். "கான் எங்க?" என்று கேட்டேன்.

"கான்னா?"

"தேயிலைக்கு நடுவுல குறுக்கால வெட்டியிருக்குமே, மழைத்தண்ணி ஓடுற வாய்க்கால்."

"ஓ, அந்தப் பள்ளங்களா? மூடிட்டோம்பா. பிள்ளைங்க ஓடுறப்ப விழுந்துடுவாங்கன்னு."

நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ முதுகு ஒடிய வெட்டிய கான்கள் அவை. மலை தாங்கி நிற்பதே அவற்றால்தான். "போனைக் கொஞ்சம் கீழ்ப்பக்கமா காட்டு" என்றேன். காட்டினாள். தோட்டத்துக்கு நேர் கீழே தொழிலாளர் குடியிருக்கிற ஒரு லயம். துருப்பிடித்த தகரக்கூரை, கல்லைத் தூக்கி வைத்த கூரை. பன்னிரண்டு அறை, பன்னிரண்டு குடும்பம்.

"மேல எங்கயாவது வெடிப்பு இருக்காம்மா?"

"குண்டுவெடிப்பா? இங்க யாருப்பா குண்டு வைக்கிறாங்க?"

"இல்லம்மா, மண்ணுல. பிளவு, கிராக்."

"கிராக் ஒண்ணும் இல்லப்பா. நீங்க சும்மா பயப்படுறீங்க."

3

என் அப்பா ராமையா தேயிலைச் செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது ஒரு மழைக்காலத்தில் லயத்தில் எங்கள் காம்பரா அறையின் கதவு திடீரென்று சிக்க ஆரம்பித்தது. நேற்றுவரை சாத்திய கதவு இன்று சட்டத்தில் இடித்தது. மறுநாள் மலையூற்றைத் திருப்பிவிட்ட பீலியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. அப்பா லயம் முழுக்கப் போய்ச் சொன்னார். "மலை அசையுது, வாங்க கோயிலுக்குப் போயிருவோம்." அவர் பேச்சைக் கேட்டு எல்லாக் குடும்பமும் சட்டிபானையோடு மாரியம்மன் கோயிலில் இரண்டு நாள் நனைந்துகொண்டு கிடந்தது. காலையில் பேர் வாசிக்கிற பெரட்டுக்குப் போகாததால் இரண்டு நாள் பேரும் அதற்கான கூலியும் போயிற்று.

மலை அசையவே இல்லை. மூன்றாம் நாள் வெயில் அடித்தது.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு பட்டப்பெயர். மலைவிழுந்தான். கங்காணி பேர் வாசிக்கும்போதே, "என்ன ராமையா, மலை வந்துருச்சா?" என்று கேட்பான். வரிசையே சிரிக்கும். சின்னப் பிள்ளைகளும் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் என்னையும் சொன்னார்கள். அப்பா பதில் பேசமாட்டார். கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

இரண்டு வருடம் கழித்து மறுபடியும் கதவு சிக்கியது. அம்மா சொன்னதை நான் கேட்டேன். "ஏங்க, கதவு சாத்த மாட்டேங்குது. மத்தவங்ககிட்ட சொல்லுங்க."

"சும்மா இரு" என்றார் அப்பா. "ஒரு தடவை சொல்லிப் பட்டது போதும்."

மறுநாள் அப்பாவும் அம்மாவும் மலைக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில். என் அக்கா விஜயாவுக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தாள். பதிமூன்று வயது. பகல் பதினொரு மணி இருக்கும். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு லொறி கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம்தான் கேட்டது.

அப்பா அதன்பிறகு பதினாறு வருடம் உயிரோடு இருந்தார். வீட்டில் எந்தக் கதவையும் சாத்த விடமாட்டார்.

4

அபி போய் மூன்றாவது மாதம், மழை தொடங்கிய பிறகு, ஒரு வியாழக்கிழமை படம் அனுப்பினாள். குளத்துக்கு மேல்பக்கம் புல்லுக்குள் ஒரு கோடு. அரைவட்டமாக வளைந்து போயிற்று. "நீங்க கேட்டீங்களே, இதுவா?" என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் அளவுக்காகத் தன் கையை வைத்திருந்தாள். ஒரு விரல் நுழையும்.

இடைவேளை முடிவதற்குள் பாரூக் நானாவைக் கூப்பிட்டேன். தோட்டத்தைத் தொடங்கியவர் அவர்தான். பதுளை பஜாரில் விதையும் மண்வெட்டியும் விற்கிற கடை வைத்திருக்கிறார். என் சின்ன வயதிலேயே அவர் வாப்பாவின் கடை அங்கே இருந்தது.

"நானா, குளத்துக் கரையை வெட்டித் தண்ணியை வடிய விடுங்க. சனிக்கிழமை பிள்ளைகளைக் கூப்பிடாதீங்க. லயத்துல உள்ளவங்களையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க."

"மோகன் தம்பி, குளத்தை உடைச்சா பிள்ளைகள் அழுதிடுவாங்க. ஏழு வாரம் பாடுபட்டு ஈக்கிறாங்க."

"அழட்டும் நானா."

அவர் நல்ல மனிதர். வகுப்பை நிறுத்தினார். லயத்துக்கும் தானே போய்ச் சொன்னார். குளத்தை மட்டும் மழை விட்டதும் பார்ப்போம் என்றார்.

நான் அத்தோடு விடவில்லை. மறுநாள் வேலைக்குப் போகாமல் மாவட்டத்தின் அவசர இலக்கம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பேசினேன். சிங்களத்தில் எடுத்தார்கள். இருபத்தைந்து வருடமாகப் பேசாத சிங்களம் எனக்குத் துண்டுதுண்டாகத்தான் வந்தது. தமிழ் தெரிந்த ஒருவருக்கு மாற்றினார்கள்.

"எந்தக் கிராம சேவகர் பிரிவு?" என்று கேட்டார் அவர்.

"அது தெரியலைங்க. எஸ்டேட் பேரைச் சொல்றேன். கீழ்ப்பிரிவு, கோயிலுக்குப் பக்கத்து மலை."

"வீட்டு இலக்கம்?"

"வீட்டுக்கு இலக்கம் இல்லைங்க. லயத்துக்குத்தான் நம்பர்."

"நீங்க இப்ப எங்க இருந்து பேசுறீங்க?"

"இங்கிலாந்துல இருந்து."

"அங்க இருந்துகிட்டு மலை வெடிச்சிருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். காணிக்குப் பொறுப்பானவர் எழுத்தில் தந்தால் ஆள் வந்து பார்ப்பார்கள் என்றார். யார் பொறுப்பு? தோட்ட நிர்வாகம் கொடுத்துவிட்டது, பாரூக் நானாவிடம் காகிதம் இல்லை.

லயத்துக் குடும்பங்கள் வெள்ளியும் சனியும் பள்ளிக்கூடத்தில் இருந்தன. மழை விட்டது. ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில்.

அபி கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. லயத்தில் தெய்வானை என்றொரு அம்மா இருக்கிறாராம், அபிக்கு ரொட்டி சுட்டுக் கொடுக்கிறவர். அவர் எல்லார் முன்னாலும் கேட்டாராம்: "ஏம்மா, உங்கப்பாவுக்கு அம்புட்டுத் தூரத்துல இருந்தே மலை தெரியுதா? எங்க ரெண்டு நாள் பேரை அவரா குடுப்பாரு?"

"எல்லாரும் சிரிச்சாங்கப்பா. எனக்கு அழுகையா வந்துச்சு. இனிமே நான் படம் அனுப்ப மாட்டேன். நீங்க இங்க யாருக்கும் போன் பண்ணாதீங்க. இது என்னோட வேலை."

நான் சரி என்றேன். அப்பாவைப் பார்த்துச் சிரித்த அந்த வரிசை என்னைப் பார்த்துச் சிரிக்க ஏழு கடல் தாண்டி வந்துவிட்டது போலிருந்தது.

5

அடுத்த சனிக்கிழமை வகுப்பு நடந்தது, ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை எனக்கு வேலை. பதுளையில் மூன்றாவது நாளாக மழை. இரண்டு மணிக்கு வகுப்பு தொடங்கியிருக்கும்.

ஒன்பதே கால் மணிக்கு லாக்கரைத் திறந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை. பதினைந்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அப்படியே போயிற்று. எதற்குப் பயந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. மலைக்கு மட்டும் பயப்படவில்லை. மறுபடியும் பொய்யாகிவிட்டால் மகள் என்னோடு பேசவே மாட்டாளே என்றும் பயந்தேன். அப்பா அன்றைக்குச் "சும்மா இரு" என்று சொன்னபோது அவர் தொண்டைக்குள் என்ன இருந்தது என்று அந்த ஆறு நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

கூப்பிட்டேன். அபி எடுக்கவில்லை. பாரூக் நானா எடுத்தார்.

"மகள் மேலதான் ஈக்கிறா தம்பி. பிள்ளைகள் பதினாலு பேரும் ஈக்கிறாங்க. கொட்டகைக்குள்ள விதை பிரிக்கிறாங்க."

"இறக்குங்க நானா."

"போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க."

"ஆமா. இந்தத் தடவையும் சொல்றேன்."

இடைவேளை மணி அடித்தது. மேற்பார்வையாளர் வந்து ஏன் நிற்கிறாய் என்று கேட்டார். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய வார்த்தை எதுவும் வரவில்லை. "மலை வருகிறது, என் மகள் கீழே இருக்கிறாள்" என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். அவருக்கு என்ன விளங்கியதோ, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐந்து நிமிடம்" என்று சொல்லிப் போனார்.

நான்காவது முறை அபி எடுத்தாள். பின்னால் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம்.

"அப்பா, வகுப்பு நடக்குது. அப்புறம் பேசுறேன்."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. பீலித் தண்ணி என்ன நிறத்துல வருது?"

"தண்ணியே வரலப்பா. காலையில இருந்து பீலி நின்னுருச்சு. தெய்வானை அக்கா மழைத்தண்ணிதான் பிடிச்சு வச்சிருக்காங்க."

மூன்று நாள் மழையில் பீலி நின்றுவிட்டதாம். அவ்வளவு தண்ணீரும் மலைக்குள்ளேயே நிற்கிறது. லாக்கர் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"அபி, எனக்கு ஒரு அக்கா இருந்தா."

"என்னப்பா சொல்றீங்க?"

"விஜயா. பதிமூணு வயசு. அந்த எஸ்டேட்டுலதான், மண்ணு விழுந்து போயிட்டா. எங்கப்பாவுக்கு முதல் நாளே தெரியும். சிரிப்பாங்கன்னு வாயைத் திறக்கல. நான் திறக்கிறேன்மா. நீ என்னைய என்ன வேணா நினைச்சுக்க. பிள்ளைங்களை இறக்கு. லயத்தையும் காலி பண்ணு. இப்பவே."

விதையை வைத்துவிட்டு எழுந்திருங்கள் என்று அவள் பிள்ளைகளிடம் சொல்வது கேட்டது.

"எந்தப் பக்கமா இறக்கணும்?" என்றாள்.

"நேர் கீழ போகாத. குறுக்கால, கோயில் பாதையில. முன்னால ஒருத்தர், கடைசியில ஒருத்தர். எண்ணிக்கிட்டே போ."

"சரிப்பா." தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை அடித்தாலும் போகவில்லை.

நான் திரும்பிப் போய் ரொட்டிகளை அடுக்கினேன். நான்கரை மணி நேரம். ஒவ்வொரு தட்டும் கீழே வந்து மோதும் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போட்டது. இரண்டு மணிக்கு வெளியே வந்தேன். அங்கிருந்து ஒன்றும் இல்லை. அபியின் போன் போகவில்லை என்று புஷ்பா இருபது தடவை கூப்பிட்டிருந்தாள். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது பாரூக் நானாவிடமிருந்து செய்தி வந்தது.

"மலை இறங்கிட்டு. ஆட்கள் எல்லாம் உயிரோட ஈக்கிறாங்க. மகள் ஆஸ்பத்திரியில."

கடைசி வரியைத்தான் நான் படித்தேன். மற்ற இரண்டையும் வீட்டுக்குப் போனதும் புஷ்பாதான் படித்துச் சொன்னாள்.

6

நடந்ததை அபி இரண்டு நாள் கழித்துச் சொன்னாள்.

பதினான்கு பிள்ளைகளையும் கோயிலில் சேர்த்துவிட்டு, உடன் வேலை செய்கிற மற்றவர்களோடு லயத்துக்குப் போயிருக்கிறாள். சிலர் முணுமுணுத்திருக்கிறார்கள். ஆனால் பீலி நின்றது அவர்களுக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒருவர் பாயைச் சுருட்ட மற்றவரும் சுருட்டினார்கள். கோயில்வரை வந்த பிறகு தெய்வானை அக்கா திரும்பி ஓடியிருக்கிறார். கட்டிலுக்கடியில் தகரப்பெட்டி இருக்கிறதாம். அபி பின்னாலேயே ஓடினாள். பெட்டியை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது குளம் உடைந்தது. அதற்குப் பின்னால் மண் வந்தது. லயத்தின் கடைசித் தொங்கலில் இருந்த ஐந்து காம்பராக்களை அப்படியே தள்ளிக்கொண்டு போயிற்று. சரிந்த சுவரில் ஒரு கல் அபியின் இடது கையில் விழுந்தது. தெய்வானை அக்காவுக்குக் கால்.

"பெட்டியை விட்டுட்டு வந்திருக்கலாமேம்மா" என்றேன்.

"விட மாட்டேன்னு சொல்லிட்டாங்கப்பா. அதான் நானும் பிடிச்சேன்."

வீட்டுக்கு வா என்றேன். புஷ்பா அழுதாள். அபி வரமாட்டேன் என்றாள். தோட்டம் இல்லை, குளம் இல்லை, கையில் கட்டு. இன்னும் என்ன இருக்கிறது அங்கே என்று கத்தினேன். "பன்னிரண்டு குடும்பம் பள்ளிக்கூடத்துல படுத்திருக்குப்பா. எங்க குளம் அவங்க மேலதான் விழுந்துச்சு" என்றாள்.

இருபத்தைந்து வருடம் போகாத ஊருக்கு அந்த வாரமே டிக்கெட் எடுத்தேன். மகளைக் கையோடு கூட்டிவருவதுதான் எண்ணம். புஷ்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

7

மலைப்பக்கம் ரயில் ஓடவில்லை. கொழும்பிலிருந்து பஸ்ஸில் போனேன். பெரகல சந்தியில் நிறுத்தினார்கள். மூடுபனி. இறங்கித் தேநீர் குடித்தவர்கள் எல்லாரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் சாலையோர மண்சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புத்தளை தாண்டி ஒவ்வொரு வளைவிலும் சன்னல் பக்கம் சாயாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஹாலிஎலயில் இறங்கும்போது கை மரத்துப்போயிருந்தது.

பள்ளிக்கூடத்தில் அபி பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு கையால் பருப்பு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா வந்துட்டாங்க" என்று யாரோ சொல்ல, எழுந்து வந்து என் தோளில் முகத்தை வைத்தாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். தோட்டத்துத் தமிழ் அவள் நாக்கில் அப்படியே ஏறியிருந்தது.

தெய்வானை அக்கா பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "உங்களைப் பேசிப்புட்டேங்க. மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

"பெட்டியில என்னங்க இருந்துச்சு?"

"பேத்தி பொறந்த பத்திரம், என்னோட அடையாள அட்டை, எங்க வீட்டுக்காரரு பிரஜாவுரிமை எடுத்த கடுதாசி. அது இல்லாட்டி நாங்க யாருங்க?"

லெஸ்டரில் என் கட்டிலுக்கடியிலும் அப்படி ஒரு உறை இருக்கிறது.

பாரூக் நானா என்னைத் தனியாக அழைத்துப்போனார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். "தம்பி, குளத்துக்கு இடம் காட்டினது நான்தான். உண்மையைச் சொல்லுங்க, நாங்கதான் காரணமா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அவருக்கு அது போதும். "மழை காரணம். தேயிலையைப் பிடுங்கினது காரணம். கானை மூடினதும் குளமும் காரணம்தான் நானா. எது எவ்வளவுன்னு எனக்குத் தெரியல" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

அவர்கள் தோட்டத்தை விடுவதாக இல்லை. லயத்து மக்களும் டவுன் பிள்ளைகளும் சேர்ந்து செய்வதாகப் பேச்சு. பதுளைக்கு வெளியே வயலோரம் ஒரு துண்டு நிலம் பாரூக் நானாவின் உறவினருடையது. நான் வந்த மூன்றாம் நாள் என்னையும் அங்கே கூட்டிப்போனார்கள். அபி, நானா, ஏழெட்டுப் பிள்ளைகள். சமமான நிலம். பின்னால் ஒரு சின்ன மேடு, தூரத்தில் மலை.

"சொல்லுங்கப்பா" என்றாள் அபி. "இந்த இடம் பயமில்லையா?"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். சிரிப்பதற்காக யாரும் காத்திருக்கவில்லை. சொல்வதைக் கேட்கக் காத்திருந்தார்கள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நான் படித்தவனில்லை, மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் பட்டது மட்டும்தான். என் பேச்சை நம்பி இந்தப் பிள்ளைகள் இங்கே வந்து உட்காருவார்கள். எந்த மண்ணைப் பார்த்தும் பயமில்லை என்று என் வாயால் நான் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. லெஸ்டரில் வீடு வாங்கும்போதுகூடப் புஷ்பாதான் கையெழுத்துக்கு அவசரப்படுத்தினாள்.

"மழையில ஒரு தடவை பாக்காம சொல்ல மாட்டேன்" என்றேன்.

"மழை எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் திங்கக்கிழமை பிளைட்" என்றாள்.

டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். தொழிற்சாலைக்குப் போன் செய்தேன். புஷ்பாவிடம் சொன்னபோது, "அவளைக் கூட்டிட்டு வரத்தானே போனீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு, "ஸ்வெட்டரைப் போட்டுக்கங்க" என்றாள்.

ஐந்து நாள் கழித்துப் பிற்பகல் மூன்று மணிக்கு மழை பிடித்தது. பெருமழை. நானா கடையை அப்படியே விட்டுவிட்டு வான் ஓட்டி வந்தார். நாங்கள் குடைகளோடு வயலோரம் இறங்கினோம். குடை ஆடுவதை அபி பார்த்தாள், நல்ல கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேட்டிலிருந்து தண்ணீர் முதலில் நூலாக இறங்கியது. பிறகு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று இடதுபக்கம் வேலியோரம் ஓடி வயலில் விழுந்தது. இன்னொன்று நிலத்துக்குக் குறுக்கே, நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒரு தாழ்வில் பாய்ந்து போயிற்று. டவுன் பிள்ளைகளில் ஒருத்தி அதன் ஓரமாகவே சேற்றில் நடந்து, பத்தடிக்கு ஒரு குச்சி நட்டுக்கொண்டு போனாள். இருட்டுவதற்குள் வயல்வரை குச்சிகள் வரிசையாக நின்றன.

"இதுக்குள்ள ஒரு செடியும் நடக் கூடாது" என்றேன். "இது தண்ணியோட பாதை. இதை வெட்டி ஆழமாக்குங்க. யாரும் மூடக் கூடாது."

"குச்சிக்கு அந்தப் பக்கம்?" என்று கேட்டாள் அபி.

தலையை நிமிர்த்தி மேட்டை இன்னொரு தடவை பார்த்தேன். மழை என் கண்ணாடியில் வழிந்தது.

"அந்தப் பக்கம் நடலாம்" என்றேன்.